இன்னொரு கையில் என்ன இருக்கிறது?

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இதை முப்பது வருஷம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். என் ஷெட்டில் வேலை செய்கிற ஆட்களுக்குத் தெரியாது, ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுக்காரர்களுக்குத் தெரியாது, நான் பெற்ற மகளுக்கே தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பதினோரு நாளில் தெரிந்துவிட்டது.

அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேர் போடப் போவதில்லை. நல்லவள் என்று எழுதுவதா, ஆபத்தான ஆள் என்று எழுதுவதா என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாத விஷயத்தில் ஒருத்தர் பேரை இழுக்கக் கூடாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்தால்தான் அவளைப் புரியும். தூத்துக்குடிப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கப்பலில் அடித்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே போர்ட் பிளேர் வந்து இறங்கினேன். சாத்தம் மர ஆலையில் மரம் தூக்கினேன். ஒரு பஞ்சாபி மிஸ்திரியிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே ஜெனரேட்டர் வேலை கற்றுக்கொண்டேன். இன்றைக்கு எட்டு ரிசார்ட்டுக்கும், சௌல்தாரி பக்கம் இருக்கிற தோட்டத்து பம்புகளுக்கும் நான்தான் சர்வீஸ். மிஷின் ஓடுகிற சத்தத்தை போனில் கேட்டால் போதும், எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர்கள் இரண்டு பேர் என்னிடம் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவன் இங்கிலீஷ் காகிதங்களை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். சுலபம். காகிதம் வந்தால் ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பேன். தலையை ஆட்டுவேன். பிறகு அப்பாராவிடம் நீட்டி, "சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்பேன். அப்பாராவ் என்னோடு முதல் நாளிலிருந்து இருக்கிற தெலுங்கு மிஸ்திரி. எட்டாவது வரை படித்தவன். ஒவ்வொரு வரியாகப் படித்து இந்தியிலும் தமிழிலும் சொல்வான். ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தொழிலாளிக்குத் தெரியாமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடாத முதலாளி என்று எனக்கு இந்த ஊரில் பேர். அந்தப் பேர் எப்படி வந்தது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

அவள் புருஷன் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த கவர்மெண்ட் ஆள். இவள் அங்கே ஏதோ பெரிய கம்பெனியில், கையில் போனை வைத்துக்கொண்டு ஓடியாடி வேலை செய்கிறவர்களுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாளாம். நாற்பது வயது இருக்கும். காட்டன் புடவை, ரப்பர் செருப்பு, மழை இல்லாத நாளிலும் குடை. என் ஆட்களுக்கு போனிலேயே வேலைச் சீட்டு வரும்படி செய்துதருகிறேன் என்று தானாக வந்து கேட்டாள். எனக்கு அங்கேயே முதல் சந்தேகம். அவ்வளவு படித்தவள் எண்ணெய் நாற்றமடிக்கிற தகர ஷெட்டுக்கு எதற்காக வருகிறாள்? என் போட்டிக்காரன் அனுப்பிய ஆளோ?

"வீட்ல சும்மா இருக்க முடியல, அண்ணாச்சி" என்றாள்.

வந்த முதல் நாள் எங்கள் டீயை அவளே எடுத்து எல்லோருக்கும் நீட்டினாள். நாலு பேருக்குக் கோப்பையின் பிடி வலது கைப் பக்கம் வருகிற மாதிரி நீட்டினாள். அப்பாராவுக்கு மட்டும் திருப்பி, இடது கைப் பக்கம். அவன் இடது கைக்காரன்தான். ஆனால் அதுவரை அவன் ஒரு ஸ்க்ரூகூட அவள் முன்னால் திருகவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்கிறவர்கள் எனக்கு ஆகாது. கேட்டால் நான் பொய்யாவது சொல்லலாம்.

அவள் யார் முகத்தையும் அதிகம் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பாள். யாராவது போன் செய்து, "அக்கா, இது ஓடல" என்றால், என்ன ஓடவில்லை என்று கேட்க மாட்டாள். "உங்க இன்னொரு கையில என்ன இருக்கு?" என்பாள். ஒருத்தன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஒருத்தன் கையில் கிரீஸ் இருக்கும். ஒருத்தன் போட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அப்ப சரி, தப்பு உங்க மேல இல்ல, போன் மேலதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஏதோ தட்டுவாள். மறுநாள் அந்த ஆளுக்கு அந்த போன் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அதுதான் அவள் வித்தை. எங்கள் வேலைச் சீட்டில் பதினாலு படி. ஆயில் பார், பெல்ட் பார், ஃபில்டர் பார், போட்டோ எடு, ரிசார்ட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கு, இப்படி. காகிதத்தில் இருந்தபோது எல்லோருக்கும் ஒரே வரிசை. அவள் போட்டுக் கொடுத்த பிறகு சீட்டு ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து மாறும். மழை பெய்தால் போட்டோவைத் தள்ளிப் போடும். மிஷின் இரைச்சலில் நின்றால் பேசாது, அதிரும். கடைசி போட் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், இன்றைக்கே செய்யவேண்டியதை மட்டும் முன்னால் கொண்டுவந்து, மற்றதை அடுத்த நடைக்கு வைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் எந்த நிலையிலும் நகராது: மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டு. அது நான் சொன்னது. "இது மாறக் கூடாதும்மா, சுனாமியே வந்தாலும்" என்றேன். "இதை மட்டும்தான் நீங்க கேட்டீங்க, அண்ணாச்சி. இது மாறாது" என்றாள்.

பதினோராம் நாளுக்கு வருகிறேன். ஆட்கள் முடித்த சீட்டெல்லாம் என் போனுக்கு இங்கிலீஷில் வரும். நான் பச்சைப் பொத்தானை அமுக்கவேண்டும். அமுக்கிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் காலையில் போனை எடுத்தால், அது வாயைத் திறந்து தமிழில் பேசுகிறது. "மூணாம் நம்பர் ரிசார்ட், பெல்ட் மாத்தல, கையிருப்பு இல்ல, ஒத்துக்கலாமா வேண்டாமா?" என்கிறது.

நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. நேராக அவளிடம் போனேன்.

"எதுக்கு இது பேசுது?"

அவள் என் கையைப் பார்த்தாள். "நீங்கதான் எதையும் சத்தமாப் படிக்கச் சொல்லுவீங்களே, அண்ணாச்சி. அதுக்கும் அதையே சொல்லிக் குடுத்தேன்."

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, ஒரு நக்கல் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நக்கல் செய்கிறவரைத் திட்டிவிடலாம்.

அன்றிலிருந்து நான் அவளைக் கவனித்தேன். யாரோடு பேசுகிறாள், யார் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள் என்று. ஷெட்டில் இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் ஜெட்டி விவகாரம் வந்தது. ஜெட்டி என்றால் இங்கே படகுத்துறை. எந்த போன் எங்கே இருக்கிறது என்று என் போன் சொல்லும். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, "ஹேவ்லாக் போன நாலு பேரும் ஜெட்டியில்" என்றது. மறுநாளும் அதே. பம்பு ரூமில் இருக்கவேண்டியவர்கள் நாலு பேரும் ஜெட்டியில் சாய் குடிக்கிறார்கள். நாலு பேரையும் வேலையை விட்டு நிறுத்துவது என்று முடிவு செய்து, அவள் முன்னாலேயே கத்தினேன்.

அவள் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாலு போனும் ஒரே மாதிரி குலுங்குது, அண்ணாச்சி. நாலு பேர் நடந்தா நாலு விதமா குலுங்கும். இது ஒரே ஆள் நடக்கிற நடை."

விஷயம் இதுதான். பம்பு ரூமில் டவர் இல்லை. முடித்த சீட்டு போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த சீட்டு திறக்கும். அதனால் எங்கள் ஆட்கள் தீவில் எல்லோரும் செய்கிறதைச் செய்திருக்கிறார்கள். எல்லா போனையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு ஆள் டவர் இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வருவது. அந்த ஆள் அப்பாராவ்.

"டவர் அங்க நஹி, சேட். ஜெட்டிக்குப் போனாதான் போகும்" என்றான், பிடிபட்டவன் மாதிரி.

"போறதுக்கு நீ எதுக்குடா? நீதான் இருக்கறதுலயே பெரிய மிஸ்திரி. வேற ஆளை அனுப்பு."

"எனக்கு நடக்கப் பிடிக்கும், சேட்."

நடக்கப் பிடிக்குமாம். சாத்தம் பாலத்தைத் தாண்டுவதற்கே ஆட்டோ கேட்கிறவன்.

அவள் ஒரு வாரத்தில் அதை மாற்றிவிட்டாள். முடித்த சீட்டை போனே உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும், அடுத்ததைத் திறந்துவிடும், டவர் வந்ததும் தானாக அனுப்பும். எல்லோருக்கும் சந்தோஷம், அப்பாராவைத் தவிர. அவன் ஒருநாள் அவள் மேஜை முன்னால் போய் நின்றான். நான் வெல்டிங் பக்கம் நின்று காதைக் கொடுத்தேன்.

"பெஹன், பழைய மாதிரியே இருக்கட்டுமே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இன்னொரு கையில என்ன இருக்கு?"

அவன் இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. "ஒண்ணும் இல்ல" என்றான். எடுக்கவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. ஆனால் ரொம்ப நேரம் எதையும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தப்பு செய்துவிட்டவள் மாதிரி அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு அப்பாராவ் பேருக்கு வந்த சீட்டில் எல்லாம் இரண்டு பேர். கூட ஒரு ஆள் இல்லாமல் சீட்டு திறக்கவே திறக்காது. ஒரு ஆள் வேலைக்கு இரண்டு ஆளா? இவளும் அவனும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டேன்.

"ஒவ்வொருத்தருக்கும் என்ன மாத்தினேன், எதுக்கு மாத்தினேன்னு எழுதி வெச்சிருக்கேன், அண்ணாச்சி. எனக்கப்புறம் வர்றவங்களுக்குத் தெரியணும் இல்லையா." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள்.

பட்டியல். எல்லாம் இங்கிலீஷ். என் பேர் மட்டும் எனக்கு அடையாளம் தெரியும், கையெழுத்துப் போடுகிறேனே. மேலே முதல் வரியில் என் பேர். அதற்கு நேராகக் கடைசிக் கட்டத்தில் ஒரு சின்ன வார்த்தை.

நான் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். "சரிதான்" என்றேன். அவளும் தலையை ஆட்டினாள்.

அந்த ஒரு வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு எதற்காக போன் பேசுகிறது என்பதற்குக் காரணம் அங்கே எழுதியிருக்கிறது. அது என்ன காரணம் என்பது எனக்குத் தெரியும். அதை அவள் எப்படி எழுதியிருக்கிறாள் என்பதுதான் தெரியாது. படிப்பில்லாதவன் என்று எழுதியிருப்பாளா? தற்குறி என்றா? யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லலாம் என்றால், படிக்கிறவர்களுக்குத் தெரிந்துபோகும். என் மகளிடம் காட்டினால் என் மகளுக்குத் தெரிந்துபோகும். என் பேருக்கு நேராக ஒரு வார்த்தை இருக்கிறது, உலகத்தில் என்னைத் தவிர எல்லோராலும் அதைப் படிக்க முடியும்.

ஹேவ்லாக்கில் எட்டிலேயே பெரிய ரிசார்ட்டுக்கு வருஷ ஒப்பந்தம் புதுப்பிக்கிற நாள் வந்தது. முந்தின மூன்று நாளும் அவள் அங்கேதான் போன்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் பெங்காலி, வருஷக்கணக்கில் பழக்கம். நான் போய் உட்கார்ந்தேன். அப்பாராவ் கீழே பம்பு ரூமில். வழக்கமாகத் தானே படித்துச் சொல்கிற மேனேஜர், அன்றைக்கு ஆறு பக்கக் காகிதத்தை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"ஆஜ் ஆப் படியே, சேட்ஜி." இன்றைக்கு நீங்கள் படியுங்கள் என்கிறார்.

சொல்லிவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவள் மூலையில் உட்கார்ந்து ஒரு போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நான் பயந்து ஓடுகிற ஆள் இல்லை. காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். "இதை மிஷின் முன்னால நின்னு பேசணும், சாப்" என்று இந்தியில் சொல்லி, அவரை ஜெனரேட்டர் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். நூற்று இருபத்தைந்து கே.வி.ஏ. மிஷின், ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே சொந்தப் பேரைக் கூப்பிட்டாலே காதில் விழாது. நான் காகிதத்தைக் காட்டுவேன், மிஷினைக் காட்டுவேன், தலையை ஆட்டுவேன், கையை விரிப்பேன். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். வெளியே வந்ததும், "போனுக்கு அனுப்பறேன், நிதானமாப் பாருங்க" என்றார்.

ஜெட்டியில் டவர் இருக்கும்போதே அது என் போனில் இறங்கிவிட்டது. போட்டில் ஒரு மூலையில் காதில் மாட்டிக்கொண்டு அதே தமிழ்க் குரலில் முழுதாகக் கேட்டேன். மிஷின் நின்றால் இரண்டு மணி நேரத்தில் ஆள் வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை. கடலைக் கேட்டுக்கொண்டா எழுதினான்? அந்த நிபந்தனையை அடிக்கச் சொல்வது என்று முடிவு செய்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டியிருப்பார்கள்.

பிறகு போட்டிலேயே அவளிடம் போனேன். அவள் ஜன்னல் ஓரம், மடியில் குடை.

"மேனேஜர்கிட்ட என்ன சொன்னே?"

"எதைப் பத்தி, அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்காதே. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் என்னைப் படிக்கச் சொன்னதே இல்ல."

"அவர் கண்ணாடி காலையிலேயே உடைஞ்சுபோச்சு, அண்ணாச்சி. நீங்க பாக்கலியா? எந்தக் காகிதத்தை எடுத்தாலும் கையை நீட்டி நீட்டிப் பிடிச்சாரு. உங்களைப் படிக்கச் சொன்னது, அவரால முடியாததால."

நம்பலாம். நம்பாமலும் இருக்கலாம். "உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? என் விஷயம்" என்று கேட்டேன். வாழ்நாளில் அந்த விஷயத்தை என் வாயால் நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு வரி ரிப்போர்ட்டுக்கும் ரெண்டு பக்க ரிப்போர்ட்டுக்கும் நீங்க ஒரே நேரம்தான் எடுத்துக்கிட்டீங்க."

"அதை எழுதி வெச்சிருக்கியா?"

"எழுதாம மாத்த முடியாது."

"என்னன்னு எழுதியிருக்கே?"

"நீங்கதான் பாத்து, சரின்னு சொன்னீங்களே, அண்ணாச்சி" என்றாள். நான் எழுந்து மேல்தட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று வருஷம் முடிந்து புருஷனுக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று ஷெட்டுக்கு வந்து எல்லோர் கையையும் ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். அவள் இடத்துக்கு ஒரு புரோகிராம்காரர் வந்தார், போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆள், சுறுசுறுப்பானவர். புது போன்களுக்கு எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று ஆட்களை ஷெட்டில் வரிசையாக நிற்கவைத்தார். கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு, "சார், ஒவ்வொருத்தருக்கும் ஏதேதோ மாத்தி வெச்சிருக்காங்க. இந்த லிஸ்ட்டை நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்று என் பக்கம் திருப்பினார்.

முப்பது வருஷப் பழக்கம் வாயில் இருக்கிறது. ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். "சத்தமாப் படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. முதல் வரி என் பேர். ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

என் பேரைச் சொல்லாமல் "முதலாளி" என்று ஆரம்பித்தார். "எழுத்து வேண்டாம், குரல், தமிழ். காரணம்..." மவுஸை உருட்டித் தேடினார். எனக்கு அந்த நேரம் ஒரு வருஷம் மாதிரி இருந்தது. "வெயில்."

"என்னது?"

"வெயில், சார். வெயில்ல ஸ்கிரீன் தெரியாதுன்னு குரலா மாத்தியிருக்காங்க. ஆனா நீங்க நாள் பூரா ஷெட்டுக்குள்ளதானே உக்காந்திருக்கீங்க? இங்க ஏது வெயில்? எடுத்துடட்டுமா?"

என் ஷெட்டில் எந்தக் காகிதமும் சத்தமாகத்தான் படிக்கப்படும் என்று அவளுக்குத் தெரியும். என்றைக்காவது இதுவும் படிக்கப்படும் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள்.

"சேட்டுக்கு வெயில் ஆகாது" என்று ஒரு குரல். அப்பாராவ். "அந்தத் தகரத்துல பாருங்க, ரெண்டு கண்ணாடி ஷீட். நேரா சேட் மேஜை மேலதான் அடிக்கும். அது இருக்கட்டும், மேல படிங்க."

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. முப்பது வருஷமாக எனக்கு ஒவ்வொரு காகிதத்தையும் சத்தமாகப் படித்தவன். ஒரு வரியைக்கூட, நீங்களே பாருங்கள் என்று என்னிடம் திருப்பி நீட்டாதவன்.

புரோகிராம்காரர் அடுத்த வரிக்குப் போனார். "அப்பாராவ். எந்த வேலைக்கும் ரெண்டு ஆள். தட்ட வேண்டிய இடமெல்லாம் பெருசு. காரணம், கை ஈரம்." தலையைச் சொறிந்தார். "இது சுத்த வேஸ்ட் சார். துடைச்சுக்கிட்டா போச்சு. ஒரு ஆளுக்கு மாத்திடறேன்."

நான் அப்பாராவின் இடது கையைப் பார்த்தேன். அவள் பார்க்கிற மாதிரி, முகத்தை விட்டுவிட்டுக் கையை. பாக்கெட்டுக்குள் இருந்தது. பாக்கெட் துணி மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஷெட்டில் காற்று இல்லை. பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு அவன் ஜெட்டிக்கு நடந்ததெல்லாம் அந்தக் கையை யாரும் பார்க்காமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பம்பு வேலை சார். கை ஈரமாத்தான் இருக்கும், துடைச்சா போகாது" என்றேன். "ரெண்டு ஆளாவே இருக்கட்டும். மேல படிங்க."

மறுநாள் வழக்கம்போல ஒரு காகிதம் வந்தது, அப்பாராவிடம் நீட்டினேன், படித்தான். கரண்ட் பக்கம் மட்டும் இப்போதெல்லாம் அவனை விடுவதில்லை. அதற்கு நான் சொல்கிற காரணமும் ஈரம்தான்.

எனக்காக ஒரு பொய்யை இவ்வளவு பொருத்தமாக எழுதத் தெரிந்தவளை நான் எப்படி நம்புவது? பட்டியலில் மூன்றாவது வரி வெல்டர் முருகேசன். அவனுக்கு நேராக, காரணம் 'சத்தம்' என்று இருக்கிறது. வெல்டிங் மூலையில் அப்படி ஒன்றும் சத்தம் கிடையாது. நாலு மாதமாக அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் எதை மூடிவைத்தாள் என்று இன்னும் பிடிபடவில்லை.